நான் வெளியே நின்றபோது வென்ற கிண்ணம்

மூன்றாவது கால்பகுதி முடியச் சில நிமிடங்களே இருந்தன. எங்கள் பிள்ளைகள் பதினொரு புள்ளி பின்னால் நின்றார்கள். எங்கள் கப்டன் பந்தோடு வளையத்துக்குக் கீழே பாயும்போது எதிரணிப் பிள்ளை ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்து இழுத்ததை நான் என் கண்ணால் கண்டேன். நடுவர் விசில் ஊதவில்லை. கோட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டேன். என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. "உங்களுக்குக் கண் தெரியாதோ சேர்?" என்று கேட்டதாகப் பக்கத்தில் இருந்த பொறுப்பாசிரியை பிறகு சொன்னார். அதைவிட மோசமாகவும் ஏதோ சொல்லியிருக்கிறேன். அவர் சொல்ல விரும்பவில்லை.

முதல் பாதியிலேயே கத்தியதற்காக எனக்கு ஒரு ரெக்னிக்கல் பவுள் விழுந்திருந்தது. இது இரண்டாவது. பயிற்றுநருக்கு இரண்டு விழுந்தால் இருக்கையை விட்டு மட்டுமல்ல, மைதானத்தை விட்டே போக வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். கத்துகிற ஆள் என்ற பெயர் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் வெளியே போகச் சொல்லி ஒருவர் கை காட்டியது அதுதான் முதல் தடவை, அதுவும் ஓர் இறுதியாட்டத்தில்.

பொறுப்பாசிரியை மனைப்பொருளியல் படிப்பிப்பவர். பிள்ளைகளுக்குத் தண்ணீரும் குளுக்கோசும் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. உதவிப் பயிற்றுநர் என்று எங்களுக்கு யாரும் இல்லை. அப்படியானால் அணியின் கப்டன்தான் பயிற்றுநரின் வேலையையும் பார்க்க வேண்டும் என்பது விதி. அவளுக்குப் பத்தொன்பது வயது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மிஸ், நீங்கள் போங்கோ. நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

அவள் அதை ஆறுதலாகச் சொன்னாளா, அவசரத்தில் சொன்னாளா என்று எனக்கு அப்போது புரியவில்லை. கைப்பையை எடுக்கவும் மறந்து மைதான வாசல் படலையைத் தாண்டிப் பக்கத்து ஒழுங்கைக்கு வந்துவிட்டேன். கைபேசி அந்தப் பைக்குள் இருந்தது.

மைதானத்தின் மதில் என் தலைக்கு மேலே உயரம். வெளியே கேட்டதெல்லாம் சத்தம் மட்டும்தான். ஒரு பெரிய ஆரவாரம் எழும்பும். அது எங்களுடைய பெற்றோரா, அவர்களுடைய பெற்றோரா என்று தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே ஊர்ச் சனம். கத்துவதும் ஒரே மாதிரித்தான் இருந்தது. மதிலோரமாக அந்த முனைக்கு நடந்தேன், திரும்பி வந்தேன். ஒழுங்கையில் ஓர் ஐஸ்கிறீம் வான் நின்றது. வான்காரப் பொடியன் ஸ்டூலில் இருந்து கைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, கோன் ஒண்டு தரட்டோ?"

"வேண்டாம் தம்பி."

"மட்ச் பாக்க வந்தனீங்களோ? ஏன் வெளியிலை நிக்கிறியள்?"

"கலைச்சுப் போட்டாங்கள்."

அவன் சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தான். "ஐயோ, அந்த மிஸ்ஸோ நீங்கள்? இப்பத்தான் லைவிலை பாத்தனான்."

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி ஒருத்தி ஆட்டத்தை முகநூலில் நேரடியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கனடாவில் இருப்பவர்கள் விடியற்காலையிலேயே எழும்பியிருந்து பார்ப்பார்கள். பொடியன் ஸ்டூலை எனக்குத் தந்துவிட்டுக் கைபேசியை வானின் தட்டில் சாய்த்து வைத்தான். ஆனால் அந்த லைவ் உண்மையான ஆட்டத்துக்கு அரை நிமிடம் பின்னால் வந்தது. மதிலுக்கு அப்பால் ஆரவாரம் கேட்கும். ஏன் என்று தெரியாது. அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அரை நிமிடம் கழித்து எங்கள் பிள்ளை பந்தைப் போடுவாள். நான் மூச்சு விடுவதற்குள் மதிலுக்குள் இன்னொரு ஆரவாரம்.

கடைசிக் கால்பகுதியில் கப்டன் கையால் சைகை காட்டி, ஆட்டத்தை நிறுத்தி ரைம்அவுட் எடுத்ததைத் திரையில் கண்டேன். பிள்ளைகள் அவளைச் சுற்றிக் குந்தினார்கள். அவள் பேசியது கொஞ்சம்தான். ஒருத்தி ஏதோ சொல்ல இவள் தலையாட்டினாள். இன்னொருத்தி மறுத்தாள். நான் எடுக்கும் ரைம்அவுட்டில் யாரும் வாய் திறந்தது கிடையாது. அதற்குப் பிறகு எதிரணியின் நெட்டைப் பிள்ளைக்கு ஐந்தாவது பவுள் விழுந்து அவளும் வெளியே போனாள். எங்கள் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று எனக்கே விளங்கவில்லை. நான் பழக்கிய ஓட்டங்கள்தான், ஆனால் நான் சொல்லியிருக்கக்கூடிய இடத்தில் இல்லை.

மதிலுக்குள் கடைசி விசிலும் எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லிக் கத்துவதும் கேட்டன. ஒரு கூடை வித்தியாசத்தில் வென்றிருந்தோம். பொடியன் துள்ளினான். திரையில் அப்போதும் அரை நிமிடம் மீதமிருந்தது.

உள்ளே போனபோது பெற்றோர் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். கப்டன் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தால் நான் பிள்ளைகளுக்கு நடுவே கிண்ணத்தோடு நிற்கிறேன். வெற்றி முழுவதும் என் கைக்குள் இருப்பதுபோலத் தெரியும். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் பள்ளிக்கூட அதிபர் எனக்கு மாலை போட்டார். "இருபது வருட உழைப்பின் கனி" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாலை கழுத்தில் அரித்தது. எப்போது கழற்றலாம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு இணுவிலில். கணவர் தோட்டம் செய்கிறார். அந்தக் கிழமை முழுவதும் நான் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு முற்றத்தில் நடப்பேன். சோறு குழைந்துவிடும்.

"வெண்டு போட்டும் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருக்கிற ஆள் நீர் ஒராள்தான்," என்றார் கணவர்.

"இஞ்சேருங்கோ, நான் உள்ளுக்கு இருந்திருந்தால் வெண்டிருப்பமோ?"

"அதை இனி ஆருக்குத் தெரியும்? சோத்தை வடியும்."

பிள்ளைகளிடம் கேட்டேன். நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தது. பயிற்சி முடிந்து அவர்கள் சப்பாத்துக் கழற்றும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "எங்கடை மிஸ்ஸைக் கலைச்சிட்டாங்கள் எண்டு விசர் வந்திட்டுது, அதாலைதான் மிஸ்," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி பந்து அன்றைக்கு அப்படி விழுந்தது, அவ்வளவுதான் என்றாள். எல்லாரிலும் சின்னவள் கொஞ்சம் யோசித்து, "அமைதியா இருந்தது மிஸ்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். கப்டன் மட்டும் நிதானமாகச் சொன்னாள்: "அவையின்ரை நெட்டை அக்கா வெளியிலை போனவா. அதுக்குப் பிறகு உள்ளுக்கு இடம் கிடைச்சது. வேறை ஒண்டுமில்லை மிஸ்."

வேறு ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லோடு நான் வீட்டுக்கு வந்தேன். இருபது வருடம் என்னத்துக்கு என்று யோசித்தேன். பிறகு, அந்த இடத்துக்குள் பாயக் கற்றுக்கொடுத்தது யார் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேள்வி இரண்டு பக்கமும் இழுத்தது.

அடுத்த மாதம் இரண்டு பெண்கள் காரில் வீட்டுக்கு வந்தார்கள். எங்களிடம் தோற்ற பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள். ஒரு பெட்டி கேக்கும் கொண்டுவந்திருந்தார்கள். வந்த விஷயத்துக்குக் கதை வரச் சற்று நேரம் எடுத்தது.

"உங்களைப்போல ஒராள் எங்களுக்கு வேணும் ரீச்சர். இடமாற்றம் எல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

"உங்கடை கோச் இருக்கிறார்தானே?"

"அவரை நிப்பாட்டியாச்சு. பதினொரு புள்ளி முன்னுக்கு நிண்டு தோக்கிறது எண்டால் என்ன கதை?"

"அந்தப் புள்ளியெல்லாம் உங்கடை பிள்ளையள் எடுக்கேக்கை நான் உள்ளுக்குத்தான் இருந்தனான். நீங்கள் தோக்கேக்கை நான் மதிலுக்கு வெளியிலை," என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். "அதுதான் ரீச்சர், வெளியிலை நிண்டே வெண்டனீங்கள்," என்றாள் மூத்தவள்.

அவர்கள் போன பிறகு கேக் பெட்டியைத் திறக்கவும் மனம் வரவில்லை. அவர்களுடைய பயிற்றுநரை எனக்கு நன்றாகத் தெரியாது. முப்பது வயதுக்குச் சற்று மேலே, வங்கியில் வேலை, தெல்லிப்பழையில் வீடு. ஆட்டம் தொடங்க முன் கை கொடுப்போம், முடிந்ததும் கை கொடுப்போம். அன்றைக்கு முடிவில் கை கொடுக்க நான் அங்கே இல்லை. சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். என்னைக் கண்டு திகைத்தார்.

"வாங்கோ ரீச்சர். இருங்கோ."

"உங்கடை இடத்துக்கு என்னைக் கேட்டு வந்தவை தம்பி. நான் ஓம் எண்டு சொல்லேல்லை. அதைச் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

"கேள்விப்பட்டனான்," என்றார். குழந்தையை மனைவியிடம் கொடுத்தார். பிறகு எழுந்து போய் லப்டொப்பைக் கொண்டுவந்தார். "உங்களுக்கு ஒண்டு காட்டட்டோ? கோவிக்கக் கூடாது."

எங்கள் அணியின் ஆட்டங்களை அந்த வருடம் முழுவதும் அவர் கைபேசியில் எடுத்து வைத்திருந்தார். ஆனால் படத்தில் பிள்ளைகளைவிட நான்தான் அதிகம் தெரிந்தேன். கோட்டோரம் ஓடுகிறேன், கையை வீசுகிறேன், கத்துகிறேன். நாங்கள் ஓட்டங்களுக்குக் குறிச்சொல் வைத்திருந்தோம். 'கதவு' என்றால் ஒருத்தி மறிக்க மற்றவள் அவளுக்குப் பின்னால் வெட்டி ஓட வேண்டும். 'ஏணி' என்றால் பந்து மேலிருந்து படிப்படியாக இறங்கும். எதிரணிக்கு விளங்காது என்றுதான் அந்தச் சொற்களை வைத்தேன்.

"எந்தச் சொல்லுக்கு என்ன நடக்குது எண்டு நான் திருப்பித் திருப்பிப் பாத்துப் பிடிச்சிட்டன். மூண்டு மாதம் எங்கடை பிள்ளையளுக்கு உங்கடை குரலைப் போட்டுத்தான் பயிற்சி குடுத்தனான்."

முகநூலில் கிடந்த இறுதியாட்டத்தின் முதல் பாதியைப் போட்டுக்காட்டினார். நான் 'கதவு' என்று கத்துகிறேன். எங்கள் பிள்ளை அசைய முதல் அவர்களுடைய பிள்ளைகள் இருவர் அந்த இடத்தில் போய் நிற்கிறார்கள். 'ஏணி' என்கிறேன். அங்கேயும் நிற்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் சோம்பல் என்று நினைத்து நான் இன்னும் உரத்துக் கத்துகிறேன். அந்தப் பொம்பிளையின் வாயைப் போய்ப் பொத்த வேண்டும்போல இருந்தது.

"அப்ப நான் வெளியிலை போன பிறகு?"

அவர் படத்தை ஓடவிட்டார். அவருடைய பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் என் வெற்றுக் கதிரையைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் பந்தைப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒரு சொல்லும் இல்லாமல் ஓடினார்கள்.

"காதாலை விளையாடப் பழக்கிப் போட்டன் ரீச்சர். கண்ணாலை விளையாடுறதை விட்டிட்டினம். அது என்ரை பிழை."

"எங்கடை கப்டன் சொல்லுறாள், உங்கடை நெட்டைப் பிள்ளை வெளியிலை போனதாலை எண்டு."

"அதுவும்தான். நாலு பவுளோடை நிக்கேக்கை அவளைக் கொஞ்சம் இருத்தியிருக்க வேணும். அதுவும் என்ரை பிழைதான்."

"எல்லாத்தையும் உங்கடை தலையிலை போடாதேங்கோ தம்பி."

"நானோ போட்டனான்?" என்றார். குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அந்த நடுவர் முதல் பாதியிலையே உங்களைக் கலைச்சிருந்தால் எங்கடை தோல்வி பெருசா இருந்திருக்கும். கலைக்காமலே விட்டிருந்தால் நான் இண்டைக்கும் அங்கை கோச். உங்களுக்கு வாய் கொஞ்சம் கட்டுப்பட்டிருந்தால் எனக்கு மாலை. இதிலை நான் செய்தது எவ்வளவு, செய்யாதது எவ்வளவு எண்டு ஆர் பிரிக்கிறது? அவையள் பிரிக்கேல்லை. கிண்ணத்தைப் பாத்தவை, என்னைப் பாத்தவை, போ எண்டவை."

அவருடைய மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். குடித்தோம். இருவரும் அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தோம்.

காரில் வந்த பெண்களுக்கு நான் தொலைபேசியில் சொன்னேன், நான் வரமாட்டேன், அவரையே திரும்ப எடுங்கள் என்று. உங்கள் பிள்ளைகளை அவ்வளவு கவனமாக ஆயத்தம் செய்த ஒருவர் இந்தப் பக்கம் வேறு இல்லை என்றேன். "தோத்தவரையோ?" என்றாள் மூத்தவள். அவர்கள் கொழும்பிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள்.

நான் குறிச்சொற்களை எல்லாம் தூக்கி எறிந்தேன். அடுத்த வருடம் ஆட்டங்களில் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று எனக்கு நானே விதி போட்டேன். சேலைத் தலைப்பைக் கைக்குள் பிடித்துக்கொண்டு இருப்பேன். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்து விளையாடினார்கள். நன்றாகத்தான் விளையாடினார்கள். அரையிறுதியில் கடைசி நிமிடங்களில் ஒரு பிள்ளை பந்தைத் தவறவிட்டாள். அடுத்தவளும் விட்டாள். புதுக் கப்டனின் முகம் வெளுத்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். போன வருடம் நான் வெளியே போனபோது வென்ற பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரணி அடுத்தடுத்துப் பந்தைப் போட்டது. மூன்று புள்ளியால் தோற்றோம்.

படலையடியில் ஒரு தாய், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "மிஸ் படம் பாக்க வந்தவா போல இருந்தவா."

முந்தைய வருடக் கப்டன் அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போகக் காத்திருந்த காலம் அது. ஓட்டோ வரும்வரை இருவரும் வெயிலில் நின்றோம்.

"நான் கத்தியிருக்க வேணுமோ பிள்ளை?"

"எல்லா இடத்திலையும் இல்லை மிஸ். அந்த ரெண்டாவது பந்து போன உடனை ஒரு ரைம்அவுட் எடுத்திருக்கலாம். அவள் உங்களைப் பாத்தவள்."

"கண்டனான்."

"அப்ப அது மட்டும் உங்கடை பிழை," என்றாள் அவள். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. ஓட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அதிபர் அந்த வருடம் என்னைக் கூப்பிட்டு, புது இரத்தம் தேவையோ என்று யோசிக்கிறோம் என்றார். யோசியுங்கள் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், நான் இன்னும் பின்னேரங்களில் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறேன்.

தெல்லிப்பழைத் தம்பிக்குச் சாவகச்சேரிப் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. கூடைப்பந்து அங்கே புதிது. பிள்ளைகள் பந்தைத் தட்டவே இப்போதுதான் பழகுகிறார்கள். அவர்களுடைய முதல் ஆட்டத்தைப் பார்க்க இந்த மாதம் பஸ்ஸில் போனேன். தாறுமாறாகத் தோற்றார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன், "கோச்சுக்கு ஒண்டும் தெரியாதுபோல," என்று என்னிடம் சொன்னார். நான் அவருடைய பிள்ளை எது என்று கேட்டேன். காட்டினார். அந்தப் பிள்ளை பந்து தன்னிடம் வர முதலே எங்கே கொடுப்பது என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், கவனித்தீர்களா என்றேன். அவர் பார்த்தார். கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து தம்பி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். கையில் இன்னும் விசில்.

"சொல்லுங்கோ ரீச்சர், எத்தினை பிழை கண்டனீங்கள்?"

"பிள்ளையளின்ரை கனக்க. உங்கடை ரெண்டு."

"எவை?"

முதலாவதை அவர் ஒப்புக்கொண்டார். இரண்டாவதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையை அந்த நேரம் மாற்றியது சரிதான் என்று வாதாடினார். நான் இல்லை என்றேன். யாழ்ப்பாணம் போகும் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் என்னைப் பார்த்து "ஏறுங்கோ, ஏறுங்கோ" என்றார். நான் கைகளால் வளையத்தையும் கோட்டையும் காற்றில் கீறி, அவள் நின்ற இடத்தைத் தம்பிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் கையைத் தள்ளி, "இல்லை ரீச்சர், அவள் இஞ்சை நிண்டவள்," என்றார். பஸ் போய்விட்டது.